என் பேரில் விழுந்த கொலைகள்

மர்மக்கதை எழுதுகிறவர்களில் உலகத்தில் எவருக்கும் இல்லாத ஒரு கஷ்டம் என் சிநேகிதன் உரக்கடைக்கு மட்டும் இருந்தது. மற்றவர்கள் கொலையை யோசிப்பார்கள், தடயத்தை யோசிப்பார்கள், கொலைகாரனைக் கடைசிப் பக்கம் வரை எப்படி ஒளித்து வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவனுக்கு அதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. கொலைகாரனுக்கு ஒரு பேர் வைக்கத்தான் இவனால் முடியாது. அந்த முடியாமையைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினான். அதனால் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் என்னளவுக்குக் கொலை செய்தவன் இன்னொருத்தன் கிடையாது. கத்தியால் குத்தியிருக்கிறேன், கயிற்றால் இறுக்கியிருக்கிறேன், கொத்தமல்லி மூட்டைகளைச் சரியவிட்டு ஒரு கமிஷன் வியாபாரியை நசுக்கியிருக்கிறேன். நிஜத்தில், வீட்டில் கோழி அறுக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பேர் சாந்தராஜ். எங்கள் அம்மா ஜெபம் பண்ணி வைத்த பேர்.

உரக்கடை என்பது அவன் தொழில். ஊருக்கு அதுவே பேரும் ஆகிவிட்டது. திருச்சுழி ரோட்டில் யூரியா, பருத்தி விதை, பூச்சிமருந்து விற்கிற கடை. போர்டில் இருப்பது கடையை ஆரம்பித்த அவன் அப்பா பேர். சொந்தக்காரர்களுக்கு அவன் கடை மாமா, கடைச் சித்தப்பா. கல்யாணப் பத்திரிகையே ‘உயர்திரு உரக்கடை அவர்கள்’ என்று எழுதித்தான் வரும். கதைகளுக்கு அவன் வைத்துக்கொண்ட புனைபெயர் இருள்நேசன். கரண்ட் போனால் “குருவம்மா, டார்ச்சு எங்க” என்று வீடு இடிய அலறுகிற ஆளுக்கு இருள்நேசனாம். அவனுடைய அசல் பேர் இந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆஜர் கேட்ட எனக்கு. அப்புறம் அவன் மனைவி குருவம்மாள் மதினிக்கு. மதினி புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டாலும் கார்டை நீட்டுவார்களே ஒழிய வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தப் பேரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவன் முடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஐம்பதைத் தாண்டியும் ஒரு நரை இல்லை. அடர்த்தியாக, நெற்றியில் விழுகிற முடி. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ சீப்பு இருக்கும். கதை ஓடவில்லை என்றால் சீப்பை எடுத்துச் சீவ ஆரம்பிப்பான். உரம் வாங்க வந்தவர் நின்றுகொண்டே இருப்பார். “இருங்க, இப்பத்தான் ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கான்” என்பான். வெளியூர்க்காரர்கள் பயந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அவனுடைய முதல் நாவலில் கொலைகாரனுக்கு இருளப்பன் என்று பேர் வைத்தான். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது. புத்தகம் வந்த கொஞ்ச நாளிலேயே, பரளச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு லோடு வண்டி நிறைய ஆட்கள் கடை வாசலில் இறங்கினார்கள். நல்ல வியாபாரம் என்று இவன் சீப்பைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தான். வந்தவர்களில் பாதிப்பேர் இருளப்பன். மீதிப்பேர் இருளாண்டி, இருளாயி. அவர்கள் குலசாமி பேர் அது. எங்கள் சீமையில் மூத்த பிள்ளைக்குச் சாமி பேர்தான் வைப்பார்கள். எந்தப் பேரைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு சாமி அரிவாளோடு நிற்கும். இத்தனை காலம் இந்த ஊரில் கடை வைத்திருக்கிறவனுக்கு இது தெரிய வேண்டாமா?

கூட்டத்தில் மூத்தவர் முன்னால் வந்தார். “எங்க சாமியைக் கொலகாரன்னு எழுதுனது நீருதானா?”

“அது சும்மா கதைங்கய்யா. கற்பனை.”

“எங்க சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாதுய்யா. பேரைச் சொன்னா வந்து நிக்கும். வெதைக்கிறப்பக் கூப்பிடுவோம், புள்ள பெறுறப்பக் கூப்பிடுவோம். நீரு கொல பண்ணக் கூப்பிட்டிருக்கீரு. அது வந்து என்னத்துக்குன்னு நிக்கும், சொல்லும்.”

இதற்கு இலக்கியத்தில் பதில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இவன் அவர்கள் கோயிலில் பொங்கல் வைத்து, சூடம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தான். இனிமேல் எந்தப் பேரைக் கதையில் வைப்பதானாலும் அந்தப் பேர்க்காரரை நேரில் பார்த்துச் சம்மதம் வாங்கித்தான் வைப்பேன் என்று. துணைக்குப் போன பாவத்துக்கு நானும் வெயிலில் நின்றேன். சத்தியம் முடிந்ததும் பெரியவர் சமாதானமாகிவிட்டார். கிளம்பும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “கதை மோசமில்லை. கெணத்துல பொணம் மெதந்துச்சுன்னு எழுதியிருக்கீரு பாரும், அதுதான் ஒட்டலை. எங்க ஊர்க் கெணத்துல என்னைக்குய்யா அம்புட்டுத் தண்ணி கெடந்துச்சு” என்றார்.

வேறு எவனாக இருந்தாலும் அன்றோடு பேனாவை மூடியிருப்பான். அல்லது சத்தியத்தை மறந்திருப்பான். இவன் இரண்டும் செய்யவில்லை. கதை எழுதுவதற்கு முன்னால் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பேருக்குச் சம்மதம் கேட்க ஆரம்பித்தான். “பால்காரரா வாரீக, ரெண்டு எடத்துல வருவீக, கெட்டது ஒண்ணும் பண்ண மாட்டீக, சரியா?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்து எழுதுவான். விஷயம் பரவியது. அதன் பிறகு கடையில் உரம் விற்றதைவிடக் கொலை பேசியதுதான் அதிகம்.

“ரெண்டு மூட்டை யூரியா போடுங்க. அப்படியே அடுத்த கதையில என் மச்சினனைக் கொன்னுருங்க.”

“அவுக சம்மதம் வேணும்லண்ணே.”

“அவன் எப்படிச் சம்மதிப்பான்? நாஞ்சொல்றேன்ல, கொல்லுங்க.”

ஒரு அம்மாள் திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி வந்து, தன்னைக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, பட்டுச்சேலையோடு கொல்ல வேண்டும், நகையில் ஒரு குண்டுமணிகூடப் போகக் கூடாது. “நகையை எடுக்கலைன்னா அப்புறம் எதுக்கும்மா அவன் ஒங்களைக் கொல்லணும்?” என்று இவன் கேட்டான். “அது ஒங்க பாடு. கதை எழுதுறது நானா நீங்களா?” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்கள். துப்புத் துலக்குகிற இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஊரே போட்டி போட்டது. அதை மதினிக்குக் கொடுத்துவிட்டான். மதினியும் ஒரு நிபந்தனை போட்டார்கள், இன்ஸ்பெக்டர் குருவம்மாள் எந்த அத்தியாயத்திலும் அடுப்படிக்குப் போகக் கூடாது. அத்தனை நாவலிலும் இன்ஸ்பெக்டர் ஹோட்டலில்தான் சாப்பிடுவார்கள்.

சாக ஆள் கிடைத்தார்கள். சந்தேகப்பட ஆள் கிடைத்தார்கள். கொலைகாரனாக மட்டும் ஒருத்தரும் முன்வரவில்லை. திருச்சுழி பஸ் ஸ்டாண்டில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், நுங்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாக என்னிடம் ஆரம்பித்தான்.

“ஏலே, ஒன் பேரை வச்சுக்கிறவா?”

“எதுக்கு?”

“கொலகாரனுக்கு.”

“ஏன், உன் பேரை வச்சுக்கிறதுதான?”

அவன் முகம் செத்துவிட்டது. “ஆத்தாடி. எம் பேரு சாமி பேருலே. எங்க சாமி துடியான சாமி. ஒனக்குத்தான் குலசாமி கெடையாதுல்ல.”

“எங்களுக்கும் சாமி இருக்காரு. மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு.”

“ஒங்க சாமி மன்னிக்கிற சாமிலே. எங்க சாமி வெட்டுற சாமி.”

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற என்னிடமே இதைச் சொன்னான். மறுக்கவும் முடியவில்லை, அது உண்மைதானே. அந்த நேரம் பார்த்து அருப்புக்கோட்டை பஸ் வந்தது. அதை விட்டால் அடுத்த பஸ் எப்போதோ. “வச்சுத் தொலை” என்று சொல்லிவிட்டு ஏறி இடம் பிடித்தேன்.

அந்த ‘வச்சுத் தொலை’யை அந்தப் பாவி ஆயுள் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அடுத்த நாவலிலும் நான்தான் கொலைகாரன். அதற்கடுத்ததிலும் நான்தான். போய்ச் சண்டை போட்டால், “ஒரு தடவைக்குத்தான்னு நீ சொல்லவே இல்லையே” என்றான். வக்கீலுக்குப் படிக்க வேண்டியவன் யூரியா விற்றுக்கொண்டிருந்தான்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வகுப்பில் அமிலத்தையும் காரத்தையும் நடத்தினால் பின் பெஞ்சிலிருந்து, “சார், இதுல எதைச் சார் அந்த மில் மேனேஜர் காப்பியில கலந்தீங்க?” என்று கேட்பான் ஒருத்தன். சவரக்கடையில் உட்கார்ந்தால், “கையை மடியில வச்சுக்கங்க சார், கத்தி இன்னைக்கு நான் பிடிக்கேன்” என்று கடைக்காரர் சிரிப்பார். வண்டியை நிறுத்தி லைசென்ஸ் பார்த்த ஏட்டையா, “அந்த சாந்தராஜா நீங்க?” என்று என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் போதகர். ஆராதனை முடிந்து வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களுக்காகத் தனியா ஜெபிச்சேன் சாந்தராஜ்” என்றார்.

“ஐயா, அது கதை.”

“கதைன்னு தெரியும். எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரில் அவன் நாவல்களில் மர்மமே கிடையாது. சாந்தராஜ் என்ற பேர் வந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். நூலகத்தில் இருக்கிற பிரதியில் என் பேர் முதலில் வருகிற பக்கத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டு, ‘இவன்தான்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் சென்னைக்காரர்களுக்கு என்ன தெரியும்? கடைசிப் பக்கம் வரை யாராலும் ஊகிக்க முடியவில்லை என்று கொண்டாடினார்கள். கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி விருது கொடுத்தார்கள். அந்தக் கேடயம் கடையில் மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கும் துத்தநாக உர மூட்டைக்கும் நடுவில் நின்றது. அதைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் அவன் சொன்னான், “மெட்ராஸ்காரனை ஏமாத்தி என்னலே பிரயோசனம். நம்ம ஊர்ல ஒரே ஒருத்தனையாவது ஏமாத்திட்டுச் சாகணும்.”

“அதுக்கு மொதல்ல என்னை விடு” என்றேன். அவன் சீப்பை எடுத்தான்.

இதையெல்லாம்கூடத் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். என் மகளுக்கு வரன் வந்தது. திருச்சுழிப் பக்கத்துக் குடும்பம், நல்ல பையன், அவளுக்கும் பிடித்துவிட்டது. பெண் பார்க்க வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் இறங்கிக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளையின் அத்தை, அந்த வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம், டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

“கதையில வர்ற சாந்தராஜு நீங்கதானா?”

“பேரு மட்டுந்தாங்க. என் சிநேகிதன் எழுதுறான்.”

“எல்லாக் கதையிலயுமா உங்களையே போடுவாரு? நான் ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன். அந்த மல்லி மூட்டை விஷயமெல்லாம் மனசு பொறுக்கலை.”

“அதை நான் பண்ணலைங்க.”

“நீங்க பண்ணலைதான். ஆனா கூடவே இருக்கிற சிநேகிதரே ஒருத்தரை இம்புட்டுத் தடவை கொலகாரர்னு எழுதுறாருன்னா, நெருப்பில்லாமப் பொகையுமா?”

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். என் மகள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நேரே கடைக்குப் போனேன். யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“என் பேரை எடு.”

நடந்ததைக் கேட்டான். சீப்பை எடுக்கவில்லை. “எடுத்தா மட்டும் போதுமாலே? அடுத்த கதையில நீ இல்லைன்னா, தலைமறைவாயிட்டான்னு நெனப்பாக” என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கேடயத்தைத் தூக்கி அடித்திருப்பேன். அடித்திருந்தால் அவன் எழுதியதெல்லாம் உண்மையாகியிருக்கும். “என் மகள் வாழ்க்கைடா இது. ஒனக்கு இப்பவும் கதைதான் முக்கியம். இனிமே என் மூஞ்சியில முழிக்காத” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பேசிக்கொண்டிருந்தவனோடு பேச்சு நின்றது.

நின்ற கொஞ்ச நாளில், வாரப் பத்திரிகை ஒன்றில் இருள்நேசனின் புதிய தொடர்கதை ஆரம்பித்தது. டீக்கடையில் ஒருவர் பக்கத்தை விரித்து என் கண் முன்னால் நீட்டினார். முதல் வாரமே, அதுவும் மூன்றாவது பத்தியிலேயே, ‘பருத்திக் குடோனின் பின்வாசல் வழியாக சாந்தராஜ் வெளியே வந்தார்’ என்று போட்டிருந்தது. உள்ளே குடோன் முதலாளி செத்துக் கிடக்கிறார். “ஆச்சு, முடிஞ்சது கதை” என்றார் டீக்கடைக்காரர். இனி அந்தப் பத்திரிகையைக் கையால் தொடுவதில்லை என்று அன்றைக்குச் சபதம் செய்தேன்.

பொறுக்க மாட்டாமல் மார்க்கெட்டில் பார்த்த மதினியிடம் மட்டும் கேட்டேன். “என்ன மதினி இது, நியாயமா?”

“நானும் கேட்டுட்டேன் சாரு. அவுக வாயைத் தொறக்க மாட்டேங்காக. வீட்டுலயும் யார்கிட்டயும் பேச்சில்லை, ஒழுங்காச் சாப்பாடில்லை. கறி மீனெல்லாம் வேணாம்னுட்டாக.” சொல்லிவிட்டு மதினி கத்திரிக்காயைப் பொறுக்கப் போய்விட்டார்கள். கறி சாப்பிடாவிட்டால் எனக்கென்ன என்று நானும் வந்துவிட்டேன்.

இன்னொரு நாள் பஸ்ஸில் போகும்போது கடையைப் பார்த்தேன். கல்லாவில் ஒரு மொட்டைத்தலை உட்கார்ந்திருந்தது. வேறு யாரோ என்று நினைத்தேன். இவனேதான். அந்த முடி அத்தனையும் போய், வெயிலில் தலை பளபளத்தது. வீட்டில் சாவு எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. பேன் விழுந்திருக்கும், நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். மர்மக்கதைக்காரனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் எனக்குத் துப்புத் துலக்க வரவில்லை.

தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. பையன் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. என் மனைவி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் என்னை வாரா வாரம் விசாரித்தது. “சார், கயித்துல உங்க கைரேகை இருக்காமே”, “சார், இந்த வாரம் உங்களைப் பிடிச்சுட்டாங்க”. நான் வாயைத் திறப்பதில்லை. வழிப்போக்கரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தையும் விட்டேன். சிரித்தால் அதுவும் சந்தேகத்துக்கு இடமாகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை.

“சாரு, நீங்க கொல்லலையாமே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல, அம்மா” என்றேன்.

“நீங்க சொன்னா யாரு நம்புவா. இப்ப இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாகள்ல. எனக்குப் படிக்கப் படிக்கக் கண்ணுல தண்ணியா வந்துருச்சு. நிச்சயம் பண்ண எப்ப வரட்டும்?”

ஓடிப்போய்ப் பத்திரிகை வாங்கினேன். பஸ் ஸ்டாண்டிலேயே நின்று படித்தேன். கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் குருவம்மாள் புரோட்டாக் கடையில் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டு எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுகிறார்கள். ‘இந்த சாந்தராஜுக்கு ஒரு கோழியை அறுக்கக்கூடத் தைரியம் கிடையாது. கூடப் படிச்சவன் கேட்டான்னு ஒரு வார்த்தைக்குத் தன் பேரைத் தூக்கிக் கொடுத்துட்டு, ஊரெல்லாம் பழி சொன்னப்பவும் வாயைத் திறக்காம நின்ன மனுஷன். இவரைத் தவிர மத்த எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கணும் நாம.’ அப்புறம் கொலைகாரனைப் பிடிக்கிறார்கள். கதை முழுக்க ஒரு ஓரமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த, யாரும் கவனிக்காத ஒரு ஆள். அந்த ஆளின் பேரை மறுபடியும் ஒரு தடவை படித்தேன். ஒன்றாம் வகுப்பு ஆஜர் பட்டியலில் என் பேருக்கு அடுத்து வருகிற பேர் அது.

கடைக்கு நடந்தே போனேன். அவன் கல்லாவில் இருந்தான். தலையில் அரிசி முனை அளவுக்கு முடி துளிர்த்திருந்தது.

“சாமி எப்படிலே விட்டுச்சு?” என்றுதான் எனக்குக் கேட்க வந்தது.

“பூக்கட்டிப் போட்டுக் கேட்டேன்.” வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். “மொதத் தடவை செவப்பு. கெஞ்சிக் கேட்டேன். மறுபடி செவப்பு. எனக்கு ஒதறல் எடுத்துருச்சு. ‘எங்கிட்ட வேற ஒண்ணுமில்லை, இந்த முடியை எடுத்துக்கோ, புள்ள கல்யாணம் நிக்கிது’ன்னேன். அப்புறந்தான் வெள்ளை வந்துச்சு.”

“அப்ப இத்தனை நாவல்லயும் என்னைப் போட்டது இதுக்காகத்தானா? கடைசியில இப்படி ஊரை ஏமாத்தவா?”

“அட போலே. அதெல்லாம் வேற ஆள் கெடைக்காமத்தான்.”

அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கடையில் இரண்டு பேர் உளுந்து விதை வாங்க நின்றார்கள். “என்கிட்டச் சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? எம்புட்டு நாள் தூக்கமில்லாமக் கெடந்தேன் தெரியுமா?” என்று திட்டிவிட்டு, அவன் குடித்து வைத்திருந்த மீதி டீயைக் குடித்தேன்.

ஊர் அயர்ந்துபோனது. இவன் ஆசைப்பட்ட மாதிரி ஒருத்தன் பாக்கியில்லாமல் ஏமாந்திருந்தார்கள். என் பேரைப் பார்த்த பிறகு வேறு பேரை எவன் பார்த்தான்? டீக்கடைக்காரர் கடைக்கே வந்து, “அது யாரு பேருண்ணே? நம்ம ஊருல அப்படி ஒரு ஆளே கெடையாதே. யாருகிட்டச் சம்மதம் வாங்குனீக?” என்று கேட்டார். “சொல்லக் கூடாதுன்னு அந்தப் பேர்க்காரர் கேட்டுக்கிட்டாரு” என்றான் இவன். நான் அந்தப் பேரை இங்கே எழுதாததற்கும் இதுதான் காரணம். அந்த நாவலுக்குச் சென்னையில் இன்னும் பெரிய விருது கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். மேடையில் ஒரு பெரியவர், கொலைகாரனுக்குப் பேர் வைத்திருப்பதிலேயே என்ன ஒரு சாதாரணத்தன்மை என்று வியந்தார். இவன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். நான் கைதட்டுவதை நிறுத்தவில்லை.

மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை இவனைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கதையில் தன்னை ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் கொல்லும்படி கேட்டதாகக் கேள்வி.

ஆனால் இவன் அதற்கப்புறம் பழைய ஆள் இல்லை. சாமி சம்மதித்துவிட்டது என்று வாய்தான் சொல்கிறது. கடையில் பல்லி விழுந்தால் முகம் வெளுக்கிறது. வண்டி பஞ்சரானால், “பாத்தியாலே, ஆரம்பிச்சுருச்சு” என்கிறான். இடி இடித்தால் மழை வருமென்று ஊரே வானத்தைப் பார்க்கும்போது இவன் மட்டும் மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறான். விருது வாங்கிய மர்மநாவலாசிரியர்.

போன வாரம் வீட்டுக்கு வந்தான். அடுத்த நாவல் மண்டைக்குள் முழுசாக வந்துவிட்டதாம். கருவேல விறகை எரித்துக் கரி மூட்டம் போடுகிற இடத்தில் ஒரு கொலை. சாக அத்தை தயார், இன்ஸ்பெக்டர் தயார். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தான். தலையில் இன்னும் சீவுகிற அளவுக்கு முடி வளரவில்லை. திரும்பப் பையிலேயே வைத்தான்.

“கொலகாரன் யாரு?” என்றேன்.

“எம் பேரே இருக்கட்டும்லே. ஒன்னைய இனிமே கேக்க மாட்டேன். நாளைக்குக் கோயிலுக்குப் போயி மறுபடி பூக்கட்டிக் கேட்டுப் பாக்கேன்.” சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அண்ணாந்து, சுவரில் எங்கேயாவது பல்லி இருக்கிறதா என்று பார்த்தான்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. என் பேரைக் கொடுத்தால் கதை வந்த நாளிலிருந்து சவரக்கடைக்காரர், ஏட்டையா, போதகர் எல்லோரும் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

“கோயிலுக்கெல்லாம் போக வேணாம். எம் பேரையே வச்சுத் தொலை” என்றேன்.

நம்ப மாட்டாமல் பார்த்தான். “நெசமாவாலே?”

“எங்க சாமி மன்னிக்கிற சாமிதானே” என்றேன். அவன் பேரில் இன்னொரு கொலை விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.